தட்டில் அடித்த தேதி

வீட்டில் உட்கார்ந்து டிஸ்க்குக்குப் பெயர் அச்சடிக்கிற வேலை, பார்க்கிறவர்களுக்குப் பொம்மை விளையாட்டு மாதிரி இருக்கும். எப்போதாவது ஒரு பிரிண்டரிடம் கெஞ்சியிருக்கும் உங்களுக்குத்தான் என் நிலைமை புரியும்.

பழவேற்காட்டில் என் கணவர் கல்யாண வீடியோ எடுக்கிறார். அதை டிஸ்க்கில் ஏற்றி, மேலே பெயர் அடித்துக் கொடுப்பது நான். பென் டிரைவில் கொடுத்தால் கல்யாணமே நடக்காத மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற குடும்பங்கள் இங்கே இன்னும் உண்டு. என்னுடையது தெர்மல் பிரிண்டர். மை கிடையாது, ரிப்பன் சூடாகி எழுத்து டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவைக்கு ஒரு பட்டைதான் அடிக்கும். நடுத் துளைக்கு மேலே பெயர், டிஸ்க்கை அரைச் சுற்று சுற்றி வைத்தால் துளைக்குக் கீழே தேதி. அப்படி நான் அடித்த ஒரு பட்டை, ஒரு குடும்பத்தை ஒரு பருவம் முழுக்க ஏரியில் வலை கட்டவிடாமல் செய்யப் பார்த்தது. அதற்கும் வருகிறேன்.

சித்திரை உப்பு

முதன்முதலில் டிஸ்க் வாங்க வந்தவர் ஒரு மீனவர். மகன் கல்யாண டிஸ்க். எழுத்தை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஒரு கிண்ணம் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் கேட்டார். மோர் கலக்கப் போகிறாரோ என்று கொடுத்தேன். உப்பைப் போட்டுக் கலக்கி, நாக்கில் ஒரு சொட்டு வைத்தார். "இது கார்த்திக மாச ஏரி. இன்னும் ரெண்டு புடி போடும்மா" என்றார். போட்டேன். மறுபடி ருசி பார்த்தார். "ஆங், இப்ப சித்திர."

நான் பிறந்ததிலிருந்து அந்த ஏரிக்கரையில்தான் இருக்கிறேன். மழையில் உப்புக் குறைந்து, கோடையில் ஏறி, மாசத்துக்கு ஒரு ருசி அதற்கு உண்டென்று எனக்குத் தெரியாது. அவர் டிஸ்க்கைக் கிண்ணத்தில் முக்கி, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார். எழுத்து அப்படியே இருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சித்திர உப்புக்கே அசையல. வெச்சிக்கலாம்."

பெயருக்குப் பதில் நம்பர்

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா வந்து, பெயரோடு படகு நம்பரையும் போடச் சொன்னார். கல்யாண டிஸ்க்கில் படகு நம்பரா என்று நான் சிரித்தேன். அவர் ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்தார். "எம்புள்ள வந்துட்டான்" என்றார்.

வெளியே பத்துப் படகுகளின் இன்ஜின் ஒரே நேரத்தில் இரைந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். நிஜமாகவே, என் திரையில் இருந்த அதே நம்பர் கரையை ஒட்டி வந்துகொண்டிருந்தது. மேல் பட்டையில் நம்பரோடு பெயரும், கீழ்ப் பட்டையில் ஞாயிற்றுக்கிழமைத் தேதியும் அடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சொன்னார்: "இந்தப் பேர்ல எங்க குப்பத்துல நாலு பேரு கீறாங்க. படகு ஒன்னுதாம்மா."

ஏகாம்பரத்தின் தட்டு

அந்த அம்மா போன கையோடு ஏகாம்பரம் வந்தார். தெற்குக் குப்பத்துக்காரர். முகத்தில் சாப்பிட்ட களையே இல்லை. ஏரி கடலில் கலக்கும் இடத்தில் இறால் வலை கட்ட, தெற்குக் குப்பத்துக்கும் வடக்குக் குப்பத்துக்கும் முறை உண்டு. ஒருநாள் இவர்கள், மறுநாள் அவர்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். முறை தவறினால் அந்தப் பருவம் முழுக்கப் பாடு கிடையாது.

அந்த வாரம் ஏகாம்பரம் ஒரே ஒரு தடவைதான் வலை கட்டினார். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அது வடக்கின் முறையான ஞாயிற்றுக்கிழமை என்று வடக்குக் குப்பத்துக் கன்னியப்பன் பஞ்சாயத்தில் வழக்கு வைத்திருந்தார். தன் முறையான திங்கட்கிழமைதான் என்றார் ஏகாம்பரம். அவர் வலை கட்டியதை மகள் போனில் எடுத்திருந்தாள். போனில் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றுவார்கள், டிஸ்க்கில் அச்சடித்துக் கொண்டுவா என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். அச்சடிப்பவளும் மாற்றலாமே என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

மேல் பட்டையில் அவர் பெயரை அடித்தேன். டிஸ்க்கைச் சுற்றி வைத்துக் கீழ்ப் பட்டையையும் அடித்து, உறையில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நைனா காலத்துப் பாடும்மா. அது இந்தத் தட்டுலதான் கீது."

தண்ணீரின் சாட்சி

பஞ்சாயத்துக்கு டிவிடி பிளேயரை மாட்டிவிட நானும் போயிருந்தேன். தலைவர் டிஸ்க்கைக் கையில் எடுத்து, எழுத்துக் கூட்டித் தேதியைப் படித்தார். ஞாயிற்றுக்கிழமைத் தேதி! அதே ஞாயிறு நடந்த கல்யாண டிஸ்க்கின் கீழ்ப் பட்டையை மாற்றாமலேயே ஏகாம்பரத்துக்கும் அடித்திருக்கிறேன். "தப்பு என்னுதுங்க, பழைய தேதி விழுந்துடுச்சி" என்று எழுந்து கத்தினேன். "மாட்டிக்கினதும் மாத்திப் பேசறாங்க" என்றது ஒரு குரல். ஏகாம்பரம் என்னைத் திட்டக்கூட இல்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

இருந்தாலும் படத்தைப் போடச் சொன்னார்கள். பொழுது சாய்கிற நேரம், ஏகாம்பரம் வலைக்குக் கழி ஊன்றிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் படம். "இன்னொரு தபா போடு" என்றார் கன்னியப்பன். போட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டார். பிறகு திரையருகே போய், கழிக்குப் பக்கத்தில் மிதந்து போகும் பாசியை விரலால் காட்டினார்.

"பாசி மேக்கால போவுது பாரு. கடத்தண்ணி இன்னும் உள்ள ஏறிக்கினு கீது. ஞாயித்துக்கெழம பொழுது சாயறதுக்குள்ளயே தண்ணி திரும்பிடுச்சி, நான் ஏரிக்குள்ள தள்ளி படகுல இருந்து பாத்தேன். தண்ணி தெனம் முக்கா மணி தள்ளித்தான திரும்பும், மறுநாள்தான் இந்நேரம் வரைக்கும் ஏறிச்சி. இது திங்கக்கெழம. எங்க ஆளுங்க எங்கிட்ட தப்பா சொல்லிக்கீறாங்க."

வழக்கு வைத்தவரே வழக்கை உடைத்துவிட்டார். ஏகாம்பரத்தின் பாடு நிலைத்தது. மனுஷன் துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்குக் கன்னியப்பன் காலில் விழலாம் போலிருந்தது. அவர் பக்கத்து ஆள் ஒருவர் மட்டும் பொறுக்க முடியாமல், "இன்னாண்ணா, கைல கெடச்சத உட்டுட்டியே" என்றார். கன்னியப்பன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "தண்ணி மேல பொய் சொல்லிட்டு, நாளைக்கி அதுலயே எப்பிட்றா எறங்குவ?"

பிரிண்டரோடு ரிப்பனும் கேபிளும் கொடுத்த கடைக்காரர், தேதி சரிபார்க்க ஒரு கன்னியப்பனையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கலாம்.