அவள் தட்டின் விளிம்பு

அவளுடைய தட்டில் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது விளிம்புதான். உள்பக்கமாகச் சற்றே மடங்கி, கனத்து, ஒரு குட்டி வரப்பு மாதிரி இருக்கும். என் தட்டுகளுக்கு விளிம்பே கிடையாது. சப்பட்டையாக, பால் வெள்ளையில், பளபளப்பு இல்லாத பூச்சோடு இருக்கும். போட்டோ எடுத்துப் போட்டால் லைக் குவியும். அவள் போட்டால் சொந்தக்காரர்கள் நாலு பேர் பார்ப்பார்கள். அதனால் ஓர் ஆர்டர் எங்களுக்கு நடுவே வரும்வரை அவள்மேல் எனக்கு நிறைய அன்பு இருந்தது.

பத்து வருடமாக நானும் என் தோழி அவளும் ஒரே சூளையில் பீங்கான் சுடுகிறோம். விழிஞ்ஞம் போகிற வழியில் அவள் வீட்டுக்குப் பின்னால் சூளை இருக்கிறது. அவள் எல்லையோரத்துப் பாறசாலைக்காரி. கோவளத்தில் திறக்க இருந்த ஓர் உணவகம் எங்களிடம் ஆளுக்கொரு மாதிரித் தட்டு கேட்டது. யாருடையது பிடிக்கிறதோ அவருக்கே எல்லா மேசைக்குமான ஆர்டர். அது எனக்குத்தான் என்று நம்பி, ஆபீஸ் வேலையை விடப்போவதாக வீட்டில் சொல்லியும்விட்டேன்.

தேர்ந்தெடுத்தது முதலாளி அல்ல, அங்கே சமைக்க வந்திருந்த அம்மா. இரண்டு தட்டிலும் சோறு போட்டு, மோர்க்குழம்பு மாதிரியான புளிசேரி ஊற்றி, கையால் பிசைந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டார். என் தட்டில் அவர் நகம் பட்ட சத்தத்தில் எனக்கே பல் கூசியது. புளிசேரி தன் போக்கில் ஓடி மேசைவிரிப்பை நனைத்தது. கடைசிப் பருக்கைகள் அவர் விரலால் தள்ளத் தள்ளத் தட்டைவிட்டே இறங்கிப் போயின. அவள் தட்டிலோ சோறு விளிம்பில் முட்டி நின்று விரலுக்கு வந்தது.

"சேச்சி வீட்டில இதிலாணோ ஊணு?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார், வீட்டில் இதில்தான் சாப்பாடா என்று.

"பின்னே!" என்றேன். வாய் கூசாத பொய். வலியசாலையில் எங்கள் வீட்டில் சாப்பாடு எவர்சில்வர் தட்டில்தான். "பீங்கானெல்லாம் கூடத்தோட நிக்கட்டும், உள்ள கொண்டு வராதே" என்று ஆசாரம் பார்க்கிற என் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். பத்து வருடம் தட்டு செய்து விற்றிருக்கிறேன், அதில் நான் ஒரு கவளம் சாப்பிட்டதில்லை. அவளோ சூளையில் கெட்டுப்போனதையெல்லாம் வீட்டில் போட்டுச் சாப்பிட்டே அந்த விளிம்பைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

ஆர்டர் அவளுக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது. சோறு குழைந்துவிட்டது, அதனால்தான் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அவள் தன் தட்டு ஒன்றை என்னிடம் கொடுத்திருந்தாள். குறை கண்டுபிடிக்கவென்றே கூடத்தில் உட்கார்ந்து அதில் ரசஞ்சாதம் சாப்பிட்டேன். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் போனில் கேட்டாள். "எப்பிடி இருக்கு பிள்ள? உள்ளதச் சொல்லு."

"எல்லாம் சரி. விளிம்புதான் தடியா இருக்குடி. பாதியா மெலிசாக்கு, ஜோரா இருக்கும்" என்றேன்.

அவ்வளவு மெலிதாக்கினால் பீங்கான் சூட்டில் நெளியும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் சந்தேகம் இருந்திருக்கும். ஆனால் மண் விஷயத்தில் நான் அவளிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அதனால் நம்பினாள்.

அவள் விளிம்பை மெலிதாக்கி அடுக்கிய முதல் சூளைத் தட்டுகளைச் சுட்டு முடித்து, சூளையை இருவரும் சேர்ந்துதான் திறந்தோம். தட்டுகளெல்லாம் அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தன. பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம்தான். வெட்கம் பிறகுதான் வந்தது. முகத்தை மறைக்கக் குனிந்து, கீழே கிடந்த கையுறையைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் அழவில்லை. "எங் கைக்கு மெலிசு வரல்ல பிள்ள. ஒங் கைதான் நைசு. விளிம்பு மட்டும் நீ இழுத்துத் தா, அடியில ரெண்டு பேரு முத்திரையும் போடுவோம்" என்றாள்.

நான் ஏங்கியது அதற்குத்தானே. அடுத்த நாளே சக்கரத்தின் முன் உட்கார்ந்தேன். பக்கத்தில் அவள் மண் பிசைந்துகொண்டிருந்தாள். விளிம்புக்கு வந்தபோது, நெளியும் என்று தெரிந்தே மெலிதாக இழுக்க எனக்கு மனம் வரவில்லை. என் முத்திரை விழப்போகிற தட்டு அல்லவா? பழைய கனத்திலேயே மடக்கினேன்.

அவள் பிசைவதை நிறுத்தினாள். கையைத் துடைத்துவிட்டு வந்து, இரண்டு விரலால் அந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். போய் மறுபடி மண் பிசைய ஆரம்பித்தாள்.

அந்தத் தட்டுகள் ஒன்றுகூட நெளியவில்லை. உணவகத்தில் அதில்தான் பரிமாறுகிறார்கள். அவள் இப்போதும் எனக்குச் சாயா போட்டுத் தருகிறாள், சூளையில் எனக்கென்று மேல் அடுக்கை ஒதுக்கி வைக்கிறாள். தான் செய்த எதையும் என் கையில் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை.