சத்தம் பத்தாத ஆம்ப்ளிஃபயர்

ஞானதுரை அண்ணாச்சி இறந்துட்டாங்க. இன்னைக்குக் காலையில, கோவில்பட்டியில, அவங்க வீட்டுலயே.

இங்க இருக்கிற நிறைய பேருக்கு அவங்களைத் தெரியாது. எழுபதுகளோட கடைசியில ரெண்டு பேரும் ஒரே ஸ்பின்னிங் மில்லுல வேலை பார்த்தோம். அவங்க ரிங் ஃபிரேம் ஷெட்ல ஃபிட்டர், நான் எலக்ட்ரிகல்.

ரிங் ஃபிரேம்னா பஞ்சை நூலா முறுக்குற மெஷின். வரிசையா ஷெட் முழுக்க ஓடும். அந்த இரைச்சல்ல பக்கத்துல நின்னு கத்தினாலும் கேட்காது...

ஒரு நாள் டீ குடிக்கும்போது அண்ணாச்சி கேட்டாங்க. "வே, எங்க வீட்டு ரேடியோவுல சத்தமே வர மாட்டேங்கு. பெருசா ஒரு ஆம்ப்ளிஃபயர் போடுவமா?"

எனக்கும் ரொம்ப நாள் ஆசை. மதுரைக்குப் போய் டிரான்சிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் வாங்கிட்டு வந்தோம். சேசிஸுக்குத் தகடு மடக்கினது, டிரான்சிஸ்டர் சூட்டை இழுக்குற ஹீட் சிங்க் அறுத்தது அண்ணாச்சி. வயரிங் நான்.

டிரான்ஸ்ஃபார்மர் சுத்த ஊர்ல தனியா ஆள் இல்லை. கிணத்து மோட்டாருக்கு காயில் கட்டுற கடையிலதான் கொடுத்தோம். கடைக்காரர் எங்களையே பார்த்துட்டு, "இது எத்தன எச்.பி. இழுக்கணும்?"னு கேட்டார். பாட்டுக் கேட்கத்தான்னு சொன்னதும் அதுக்கு மேல எதுவும் கேட்கலை.

ஸ்பீக்கர் பெட்டி, தீப்பெட்டி செய்ற ஆபீஸுக்குச் சரக்கு வந்த பலகையில அடிச்சது.

முதல் தடவை ஆன் பண்ணும்போது கரன்ட் வர்ற வழியில ஒரு குண்டு பல்பை சீரிஸ்ல போட்டோம். உள்ளே ஷார்ட் இருந்தா பல்பு பளிச்னு எரியும், ஆம்ப்ளிஃபயர் தப்பிச்சிரும். பல்பு ஒரு மினுக்கு மினுக்கிட்டு அடங்குச்சு. எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு.

பல்பைக் கழட்டிட்டுப் பாட்டு வச்சோம். அண்ணாச்சி சம்சாரம் எஸ்தர் மதினி, அடுக்களையில இருந்து காதைப் பொத்திக்கிட்டு வெளியே வந்தாங்க.

அண்ணாச்சி தலையைச் சாய்ச்சுக் கேட்டுட்டுச் சொன்னாங்க. "நல்லாத்தான் இருக்கு. ஆனா சத்தம் பத்தலியே வே."

சரி, பவர் சப்ளையிலதான் கோளாறுன்னு முடிவு பண்ணினோம். சுத்துப்பட்டுல எல்லாக் கிணத்து மோட்டாரும் ஓடுற நேரத்துல ஊர்ல வோல்டேஜ் படுத்துரும், அதனால சந்தேகம் வேற எங்கயும் போகலை.

டிரான்ஸ்ஃபார்மரைப் பிரிச்சு, இன்னும் தடிமனான கம்பியில திரும்பச் சுத்தினோம். கெப்பாசிட்டர் கூடுதலா போட்டோம். உர்ருன்னு வந்த ஹம்மிங் சுத்தமா நின்னுபோச்சு. பாட்டு வச்சதும் பக்கத்து வீட்டு அலமாரியில டம்ளர் ஆடுதுன்னு ஆள் வந்துட்டாங்க.

அண்ணாச்சிக்கு அப்பவும் பத்தலை.

ரிங் ஃபிரேம் ஆளுகளுக்கு எவ்வளவு சத்தம் வச்சாலும் குறைச்சலாத்தான் தெரியும்னு மில்லுல எல்லாரும் கேலி பண்ணினோம்... அவங்களும் சேர்ந்து சிரிச்சாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை. கோயில் முடிஞ்சு அவங்க வந்ததும் நான் மீட்டரோட போனேன். வால்யூமை முழுசா திறந்து வச்சு சப்ளையில மீட்டரை மாட்டினா, வோல்டேஜ் முள் கொஞ்சமும் இறங்கலை. சப்ளை கல்லு மாதிரி நின்னுச்சு.

ஆஃப் பண்ணிட்டேன். வீட்டுல ஒரு சத்தமும் இல்லை. அண்ணாச்சி குத்தவச்சு ஸ்பீக்கரையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

பின்னாடி இருந்து மதினி, "ஏங்க, சாப்பிட வாங்க"ன்னாங்க. திரும்பலை.

மதினி இன்னும் கொஞ்சம் சத்தமா, "ஒங்களத்தான் கூப்பிடுதேன்"ன்னாங்க. அதுக்கும் திரும்பலை.

மதினி என்னைப் பார்த்தாங்க. அப்புறம் சுத்தி வந்து அண்ணாச்சிக்கு முன்னாடி உக்காந்து நிதானமா சொன்னாங்க. "ஆம்ப்ளிஃபயர்ல ஒரு குறையும் இல்ல. ஒங்களுக்குத்தான் காது கேக்கல."

எப்படி அத்தனை நாள் தெரியாம போச்சுன்னு நீங்க கேட்கலாம். மில்லுக்குள்ள நாங்க யாரும் காதை நம்பிப் பேசினது இல்லை. வாயசைப்பும் கைஜாடையும்தான். அண்ணாச்சி எல்லார் உதட்டையும் படிச்சாங்க, நாங்க அவங்க உதட்டைப் படிச்சோம், பேச்சு அதுபாட்டுக்கு நடந்துச்சு. காது போய்க்கிட்டு இருந்தது அவங்களுக்கே தெரியலை.

மதினி சொன்னதையும் உதட்டுலதான் படிச்சிருக்கணும். காதை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாங்க. "அப்ப இதுக்கு சப்ளைய எங்கன போயி வாங்க?"

சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. என்னால சிரிக்க முடியலை.

டாக்டர்கிட்ட உடனே போகலை. மில்லுக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு பயம். ரிடையர் ஆகுற வரைக்கும் யாருக்கும் தெரியாமலே ஓட்டிட்டாங்க. நானும் யார்கிட்டயும் வாயைத் திறக்கலை.

அடுத்த வாரம் போனப்போ வால்யூம் குமிழ்ல வெள்ளை பெயின்ட்ல ஒரு கோடு இருந்துச்சு. மதினியை உக்கார வச்சு, "ஏட்டி, ஒனக்கு எதுவரைக்கும் நல்லாருக்கு?"ன்னு கேட்டுப் போட்ட கோடாம். நான் பார்த்த வரைக்கும் அதைத் தாண்டி அண்ணாச்சி வச்சதில்லை. பாட்டு மதினிக்கு. அண்ணாச்சி பக்கத்துல உக்காந்து ஹீட் சிங்க் சூடாகுதான்னு தொட்டுப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க.

பின்னாடி மகள் காது மெஷின் வாங்கிக் கொடுத்துச்சு. "ஒரே இரைச்சல், மில்லுக்குள்ள நிக்க மாதிரி இருக்கு"ன்னு கழட்டி வச்சுட்டாங்க.

இன்னைக்கு மதினிதான் போன் பண்ணினாங்க. அண்ணாச்சிகிட்ட பேசிப் பழகின மாதிரியே ஒவ்வொரு சொல்லா நிறுத்தி, அவ்வளவு சத்தமா... "தம்பி. அண்ணாச்சி. போயிட்டாவ."

"கேக்குது மதினி"ன்னேன்.

அப்பவும் குரல் இறங்கலை. "நாளைக்கு. மத்தியானம். அடக்கம்."

காலையில முதல் பஸ்ஸுக்குக் கிளம்புதேன் அண்ணாச்சி.