பத்து நாள் வச்சுப் பாருங்க

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் பல்செட் அக்கா. வயது ஐம்பத்தொன்று. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் சிறிய கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, மெழுகு வைத்து ஒவ்வொரு பல்லாக நட்டு, கடைசியில் ராவி மெருகேற்றுவார். யாரைப் பார்த்தாலும் அக்காவின் கண் முதலில் வாய்க்குத்தான் போகும். சினிமா பார்க்கும்போதுகூட, "கீழ் வரிசை கோணல், மேல் வரிசை கட்டினது" என்று பக்கத்து இருக்கைக்காரர் முறைக்கும்வரை சொல்லிக்கொண்டிருப்பார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்தபின் அதே இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். தனியாக இருப்பது ஒரு குறை என்று அவருக்குத் தோன்றியதே இல்லை, அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

அன்றைக்குத் தலைவலி என்று மூன்று மணிக்கே வீடு திரும்பினார். பூட்டியிருந்த கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பையோடு நேரே சமையலறைக்குப் போனார். அங்கே ஒரு ஆள் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நாற்பது வயது இருக்கும். தேய்த்த சட்டை, சீவிய தலை. அக்காவைப் பார்த்தான். பதறவில்லை. டம்ளரில் மீதி இருந்த தண்ணீரையும் குடித்து முடித்தான். டம்ளரைத் தொட்டியில் வைத்தான். அக்காவின் தோளை உரசாமல் கொஞ்சம் ஒதுங்கி நடந்து, வாசல் வழியாகவே வெளியே போனான்.

கத்த வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியபோது அவன் தெருமுனையைத் தாண்டியிருந்தான்.

போலீஸ் வந்தது. பின்பக்க ஜன்னல் கம்பி ஒன்று கழற்றப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தது.

"என்னம்மா போயிருக்கு?"

"ஒண்ணும் போகல சார்."

"நல்லா பாருங்க. நகை, பணம்?"

"எல்லாம் இருக்கு."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார். "அப்ப ஜன்னல சரி பண்ணிக்கங்க" என்றார்.

ஏதாவது போயிருந்தால் தேவலை என்று அக்கா நினைத்தார். திருட வந்தவன் என்றால் அவன் எதற்கு வந்தான் என்பதாவது தெரிந்திருக்கும். அன்றிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலுக்கு அடியில், குளியலறைக் கதவுக்குப் பின்னால், துணி அலமாரிக்குள் என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் பையைக் கீழே வைப்பார். கதவுக்கு முட்டுக்கொடுத்து நாற்காலி போட்டார். குளிக்கும்போது தண்ணீரை நிறுத்தி நிறுத்திக் காது கொடுத்தார். வேலையில் கவனம் சிதறி, ஒரே வாரத்தில் இரண்டு பல்செட் பாழானது.

வெளியூரில் இருக்கும் தம்பிதான் நாயைப் பற்றிச் சொன்னான். "காப்பகத்துல நிறைய இருக்குக்கா. நல்ல முரட்டு நாயா ஒண்ண எடுத்துட்டு வந்துடு. ஒருத்தன் கிட்ட வரமாட்டான்."

"நானும் கிட்டப் போகமாட்டேனே" என்றார் அக்கா. எட்டு வயதில் கெண்டைக்காலில் கடிபட்டு ஊசிமேல் ஊசி போட்டுக்கொண்டவர் அவர். இன்றைக்கும் எதிரே நாய் வந்தால் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவார். ஆளுக்குப் பயந்து நாயை வளர்த்தால், வீட்டுக்குள் பயம் ஒன்றுக்கு இரண்டாகுமே தவிரக் குறையுமா? மூன்று வாரம் யோசித்தார். நாலாவது வாரம், ஒரு பகலில், சமையலறையில் ஏதோ பாத்திரம் சரிந்த சத்தத்துக்குத் தெருவரைக்கும் ஓடிவந்து வெறுங்காலோடு நின்றபோது, சரி போய்ப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்.

காப்பகம் ஊருக்கு வெளியே, லாரி ஷெட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை, இரண்டு வரிசைக் கூண்டுகள். அக்கா நுழைந்ததும் நாற்பது நாய்கள் ஒரே குரலில் கத்தின. அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டார். காப்பகத்துக்காரர் பொறுமைசாலி. நரைத்த தாடி, முழங்கை வரைக்கும் பழைய கீறல்கள்.

"எல்லாம் கத்துது பாருங்க. அது மட்டும் கத்தாது" என்று கடைசிக் கூண்டைக் காட்டினார். பழுப்பு நிறப் பெட்டை. ஆறு வயது. சுவரோடு சுவராக ஒட்டிப் படுத்திருந்தது.

"இது எனக்குக் காவல் இருக்குமா?"

"தெரியாதும்மா. இன்னொண்ணும் சொல்லிடறேன், அப்புறம் சொல்லலேன்னு இருக்கக் கூடாது. ரெண்டு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்துடுச்சு. ரெண்டாவது வீட்டுல ஒரு பிள்ளையக் கடிச்சிருச்சு. கையில நாலு தையல்."

அக்கா இரண்டடி பின்னால் போனார். வேறு நாய்களையும் பார்த்தார். எல்லாம் கம்பியில் பாய்ந்தன, நாக்கை நீட்டின, குதித்தன. திரும்பவும் கடைசிக் கூண்டுக்கு வந்தார். ஏன் என்று பின்னாளில் கேட்டவர்களிடம், "அது ஒண்ணுதான் என் மேல பாயல" என்பார்.

"பத்து நாள் வச்சுப் பாருங்க. ஒத்துவரலேன்னா ஒரு போன் போடுங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன். ஏன்னு கேக்கமாட்டேன்" என்றார் காப்பகத்துக்காரர்.

முதல் இரண்டு நாளும் நாய் மேஜைக்கு அடியிலேயே கிடந்தது. அக்கா கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் தட்டி கேஸ்காரர் வந்தார், கொரியர்காரர் வந்தார். அது வாயே திறக்கவில்லை. நல்ல காவல்தான் என்று நொந்துகொண்டார்.

மூன்றாம் நாள், சாப்பாட்டுத் தட்டை எடுக்கக் குனிந்தார். நாய் உறுமியது. பெரிய சத்தம் இல்லை. மாவு மில் தூரத்தில் ஓடுவதுபோல அடித்தொண்டையிலிருந்து வந்தது. உதடு மேலே சுருண்டு பல் முழுக்கத் தெரிந்தது. அக்காவின் முகத்துக்கும் அந்தப் பல்லுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளிகூட இல்லை. மூச்சை அடக்கி, அடிமேல் அடி வைத்துப் பின்னால் நகர்ந்து, படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். தன் வீட்டிலேயே இரண்டு மணிநேரம் கைதியாக உட்கார்ந்திருந்தார்.

தம்பிக்குப் போன் செய்தார்.

"அக்கா, திருப்பிக் குடுத்துடு. கடிச்ச நாயப் போய் யாராவது வாங்குவாங்களா? உனக்கு எங்க போச்சு புத்தி?"

"நாளைக்குப் போன் பண்ணி வரச்சொல்றேன்."

ஆனால் மறுநாள் காலை, கதவைக் கொஞ்சம் திறந்து அது சாப்பிடுவதை ஒளிந்து பார்த்தபோது, அக்காவின் தொழில் கண் விழித்துக்கொண்டது. நாய் தலையை வலப்பக்கம் சாய்த்துத்தான் மென்றது. இடப்பக்கம் போன துண்டைக் கீழே போட்டுவிட்டது. தண்ணீரை நக்கும்போது ஒருமுறை வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டது. இடது கண்ணுக்குக் கீழே லேசாக வீங்கியிருந்தது. பல் கட்டிக்கொள்ள வருகிறவர்கள் இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று டாக்டர்கள் சொல்லி அவர் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்.

வாய்க்குள் பார்த்தாக வேண்டும். அக்கா தரையில் குப்புறப் படுத்து, போனின் டார்ச்சைப் போட்டு, மேஜையிலிருந்து இரண்டு கை தூரத்தில் காத்திருந்தார். உள்ளங்கை வியர்த்து போன் நழுவியது. நாய் அவரையே பார்த்தது. உறுமியது. அக்கா அசையவில்லை. அசையவில்லை என்பதைவிட, அசைய முடியவில்லை என்பதே சரி. உறுமல் அடங்கியது. அரைமணி நேரம் ஆகியிருக்கும், நாய் கொட்டாவி விட்டது. அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. மேல் வரிசை, இடப்பக்கம், பெரிய கடைவாய்ப்பல் நடுவில் பிளந்திருந்தது. ஈறு கருஞ்சிவப்பாகப் புடைத்திருந்தது.

அக்கா எழுந்து காப்பகத்துக்காரருக்குப் போன் செய்தார். "வாங்க. ஆனா கூட்டிட்டுப் போக இல்ல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போட்டுப் பல்லை எடுத்தார். வேரில் சீழ் கட்டியிருந்தது. "பல மாசமா இருக்கணும் இது. கன்னத்தத் தொட்டா எதுவும் கடிக்கத்தான் செய்யும்" என்றார். அந்தப் பிள்ளை நாயின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சப்போய்த்தான் கடிபட்டது என்று காப்பகத்துக்காரர் பிறகு சொன்னார்.

"இனி கடிக்காதில்ல டாக்டர்?" என்று அக்கா கேட்டார்.

"வலி போயிடும்மா. பயத்துல கடிக்கிறது போகுமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

அக்காவுக்கு வேண்டியிருந்தது அந்த உறுதி ஒன்றுதான். அது கிடைக்காமலே வீடு திரும்பினார். மிச்சமிருந்த நாட்களில் நாய் தெளிந்தது. மேஜையை விட்டு வெளியே வந்தது. ஆனால் ஒன்பதாம் நாள், அக்கா அவசரமாகத் துணியை உதறியபோது மறுபடி உறுமியது.

அன்று சாயங்காலம் தம்பி பேசினான். "என்ன முடிவு பண்ணியிருக்க?"

"வச்சுக்கலாம்னு இருக்கேன்."

"பயமா இல்லையா உனக்கு?"

"இருக்கு." உதறிய துணியை மடித்து வைத்தார். "அன்னிக்கு வந்தானே, அவன் மூஞ்சில ஒண்ணுமே தெரியலடா. என்ன பண்ணப் போறான்னே தெரியல. இது அப்படி இல்ல. புடிக்கலேன்னா முன்னாடியே சொல்லிடுது. நான் ரெண்டடி தள்ளி நின்னாப் போதும்."

தம்பி பெருமூச்சு விட்டான். "தடுப்பூசியாவது போட்டுக்கோ" என்றான்.

பத்தாம் நாள் காப்பகத்துக்காரர் கொண்டுவந்த தாளில் அக்கா கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிக்கொண்டு போனது.

அது நடந்து நான்கு வருடம் ஆகிறது. அந்த ஆள் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அக்கா வீட்டுக்கு வந்தபின் நாய் யாரையும் கடிக்கவில்லை. யாரைப் பார்த்தும் குரைத்ததும் இல்லை. அக்கா அதன் தலையைத் தடவ ஏழு மாதம் ஆனது; அதுவும் வலப்பக்கம் மட்டும். காலையும் மாலையும் இருவரும் நடக்கப் போகிறார்கள். நாய்க்குக் குடை என்றால் பயம். யாராவது விரித்தால் அங்கேயே படுத்துவிடும், இழுத்தாலும் வராது. அதனால் மழைக்காலத்தில் அக்கா குடையில்லாமல் நனைந்துகொண்டே போவார். தெருவில் யாராவது கேட்டால், தும்மலுக்கு நடுவே, "அவ ஒத்துக்கமாட்டேங்கிறா" என்பார்.