எழுநூற்று முப்பத்தொரு பேர்

எங்கள் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் தேவதாசன் அண்ணாச்சியைக் கேட்டால் போதும். அவர் ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். மோட்டார் போட்டு, தொட்டி நிரப்பி, தெருவுக்குத் தெரு வால்வு திறந்துவிடுவது இருபத்தாறு வருஷமாக அவர் வேலை. அவர் சேர்ந்த புதிதில் நிரம்பிய தொட்டி ஒரு மணி நேரத்தில் காலியாகிவிடும். கீழத்தெருவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பெண்கள் குடத்தோடு அவர் வாசலில் நின்று ஏசுவார்கள். இப்போது அதே தொட்டி காலியாக இரண்டு நாளாகிறது. "ஏசுததுக்குக்கூட ஆளில்லலே" என்று போன வருஷம் என்னிடம் சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆரோன்புரம் சாத்தான்குளத்துக்கும் வள்ளியூருக்கும் இடையில், செம்மண் காட்டில் மூன்று தெரு. தாமிரபரணி வடக்கே எங்கேயோ ஓடுகிறது. அதன் கால்வாய் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. குடிக்கப் போர்த் தண்ணீர்தான். விவசாயம் வாய்க்காத ஊருக்கு மிஷன் பள்ளிக்கூடம் வாய்த்தது. படித்தோம், போய்விட்டோம். பம்பாய், சென்னை, கோயம்புத்தூர். என்னைப் போன்ற சோம்பேறிகள் பாளையங்கோட்டை. ஆனால் போனவர்கள் யாரும் போய்விட்டதாக ஒத்துக்கொள்வதில்லை. பம்பாயில் பிறந்து ஊரை இரண்டே தடவை பார்த்த பிள்ளைக்கும் சபைப் பதிவேட்டில் பெயர் உண்டு. பெயர் இருந்தால்தான் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி இடம். வருஷத்துக்கு ஒருமுறை அசனப் பண்டிகைக்கு வருவோம். வேதக்கோயில் பந்தலில் ஊரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு தின்போம். நம்ம ஊரைப் போல உண்டா என்று பெருமையடித்துவிட்டு பஸ் ஏறுவோம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

போன சித்திரையில் ஒன்றிய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஐநூறு பேருக்குக் குறைவாக இருப்பதால் ஆரோன்புரம் ஊராட்சியைப் பக்கத்துப் பெரியகாட்டோடு இணைக்கப் போகிறார்கள். ஆட்சேபம் இருந்தால் குடியிருப்போர் பட்டியலோடு தெரிவிக்கலாம். பெரியகாடு ஏழு கிலோமீட்டர். இணைந்துவிட்டால் நமக்கென்று தனி ஆபரேட்டர் கிடையாது. அங்கிருந்து ஆள் வந்து வால்வு திறந்தால்தான் தண்ணீர். தங்கள் ஊருக்கே எட்டு நாளைக்கு ஒருமுறை விடுகிறவர்கள் நமக்கு எப்போது விடுவார்கள்? மிச்சமிருந்ததோ குடம் தூக்க முடியாத கிழடுகள்.

ஊராட்சித் தலைவர் சாலோமி டீச்சர் பட்டியல் எழுதும் வேலையை அண்ணாச்சியிடம் கொடுத்தார். அண்ணாச்சி நேராகக் கோயிலுக்குப் போய்ச் சபைப் பதிவேட்டை வாங்கி, மூன்று நாள் உட்கார்ந்து கோடுபோட்ட நோட்டில் அப்படியே பெயர்த்து எழுதிவிட்டார். எழுநூற்று முப்பத்தொரு பேர்.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "தேவதாசா, இதுல முக்கால்வாசிப் பேரு ஊர்லயே இல்லியேய்யா?"

"இல்லாம எங்க போனாவ டீச்சர்? செத்தா இங்கனதான வருவாவ?"

டீச்சருக்கு அது நியாயமாகவே பட்டது. கையெழுத்துப் போட்டார். இருவர் மனதிலும் கள்ளம் இல்லை. கல்லறையில் இடம் இருப்பவன்தான் ஊர்க்காரன் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. சர்க்காருக்கு வேறு கணக்கு உண்டு என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை.

ஒன்றிய அதிகாரி செந்தில்முருகன் பட்டியலைப் புரட்டிவிட்டு, அடுத்த புதன்கிழமை நேரில் வந்து வீடு வீடாக எண்ணுவதாகச் சொன்னார். அண்ணாச்சி அசரவில்லை. நோட்டில் இருந்த குடும்பத் தலைவர்கள் எல்லோருக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டார்.

"ஏலே ஜெபஸ்டின், புதங்கெழம ஒருநாள் வந்து ஒங்க வீட்டத் தொறந்து வச்சு உக்காந்துரு. வருவியாலே?"

"கண்டிப்பா வாரேன் அண்ணாச்சி."

நான் உட்பட எல்லோரும் அதையேதான் சொன்னோம். வாயாலேயே வடை சுடுவதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆளில்லை.

அந்தப் புதன்கிழமை நடந்ததை டீச்சர்தான் பிறகு எனக்குச் சொன்னார். பூட்டிக் கிடந்த வீடுகளின் வாசல் குழாய்களில் பித்தளைத் திருகுகளைத் திருடன் எப்போதோ கழற்றிப் போயிருந்தான். தண்ணீர் வீணாகாமல் இருக்க அண்ணாச்சி அவற்றில் மரக்கட்டை செதுக்கி அடைத்து வைத்திருந்தார். அன்று விடியற்காலையில் மூன்று தெருவும் நடந்து ஒவ்வொரு கட்டையாகப் பிடுங்கிவிட்டார். வருகிறவர்களுக்குக் கைகால் கழுவத் தண்ணீர் வேண்டுமே! பிறகு தொட்டியை நிரப்பி, மூன்று வால்வையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார்.

எட்டரை பஸ்ஸில் யாரும் இல்லை. பத்தேகால் பஸ்ஸில் அதிகாரியின் உதவியாளர் இறங்கினார். அதிகாரி ஜீப்பில் வந்தார். வள்ளியூரிலிருந்து ஒரு குடும்பம் மட்டும் காரில் வந்தது. அண்ணாச்சியின் ஒரே மகள் ஸ்டெபிகூடச் சென்னையிலிருந்து போன் பண்ணி, லீவு கிடைக்கவில்லை அப்பா என்றாள்.

அதிகாரி தெருத்தெருவாக நடந்தார். பூட்டிய வீடு, அதன் வாசலில் தண்ணீர் கொட்டுகிறது. அடுத்ததும் பூட்டு, அங்கேயும் கொட்டுகிறது. மேலத்தெரு முழுக்கச் சேறு. என் வீட்டு வாசலிலும் அப்படித்தான் ஓடியிருக்கிறது. எண்ணி முடித்தபோது நூற்றுப் பதினாறு பேர்.

"பெரியவரே, பிடிக்க ஆளில்லாத தண்ணிய யாருக்குத் தொறந்து விட்டிய?" என்று கேட்டாராம் செந்தில்முருகன். அதட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டாராம். அண்ணாச்சி ஒவ்வொரு கட்டையாகத் திரும்ப அடைக்கத் தொடங்கினார்.

அந்தப் புதன்கிழமை எனக்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை. ஒன்றரை மணி நேரப் பயணம். வெயிலாக இருக்கிறதே, நான் ஒருவன் போகாவிட்டால் என்ன என்று படுத்துவிட்டேன். அறுநூறு பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

ஆடியில் இணைப்பு உத்தரவு வந்தது. அண்ணாச்சியிடமிருந்து வால்வுச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒருமுறையானது. இரண்டு மாதத்தில் இன்னும் ஏழு வீடு பூட்டியாயிற்று. சாலோமி டீச்சரையும் மகன் வந்து கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஐப்பசியில் என் சித்தி சென்னையில் இறந்தாள். ஊருக்குத்தான் கொண்டுவந்தோம். பதிவேட்டில் பெயர் இருந்ததே! பம்பாயிலிருந்தும் ஆள் வந்தது. தெருவெல்லாம் கார். முந்நூறு பேருக்கு மேல் இருக்கும். தண்ணீர் முறைக்கு இன்னும் நாலு நாள் இருந்ததால், அண்ணாச்சி எங்கிருந்தோ சைக்கிளில் குடம் குடமாகக் கொண்டுவந்து பந்தலில் டிரம்மை நிரப்பிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றோம். கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார்.

"இன்னைக்கு வந்து எண்ணியிருக்கணும்லே அந்த ஆபீசரு."

தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவர், "ஒங்க வீட்டுக் கொழாயில கட்ட அடச்சிருக்கேன் பாத்துக்கோ. நாலு நாள் இருந்துட்டுப் போறியன்னா எடுத்து வைக்கட்டா?" என்றார்.

நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றேன்.