காலர் வரிசையின் முதலிடம்

தையல் கம்பெனியில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். முதலில் அதைக் கிண்டலாகத்தான் வைத்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கிய கூட்டம் பேசிக்கொண்டே கேட்டை நோக்கி நடக்கும்போது, அவள் மட்டும் ஆட்களுக்கு நடுவே புகுந்து, தோளால் வழி பண்ணிக்கொண்டு, முதல் ஆளாக உள்ளே போய்விடுவாள். போய் என்ன செய்யப்போகிறாள்? மணி அடிக்கிறவரை மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பாள். அதில் அவளுக்கு ஒரு நிம்மதி.

வீட்டிலும் அப்படித்தான். வெங்காயம் உரிக்க இரண்டு பேர் உட்கார்ந்தால் அடுத்தவர் கையைப் பார்த்துக்கொண்டேதான் உரிப்பாள். மாடிப்படியில் யாராவது முன்னால் ஏறிப்போனால் இவள் கால் தானாகவே இரண்டிரண்டு படியாகத் தாண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு முன்னாலேயே தன் மகள் நடந்துவிட்ட கதையை, அந்த மகள் உயரத்தில் தன்னைத் தாண்டிய பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். எதற்கும் அவசரப்படாத மனுஷன்.

"என் பொண்டாட்டி ஓடுறா ஓடுறான்னு எல்லாரும் சொல்றாங்க. பக்கத்துல யாரு ஓடுறாங்கன்னுதான் இன்னிவரைக்கும் எனக்குத் தெரியல" என்பான்.

அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் சிரித்து முடிப்பதற்குள் தட்டில் இருப்பதைச் சாப்பிட்டு முடித்திருப்பாள்.

கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தது அண்ணி, அதாவது கணவனின் அக்கா. புருஷன் விட்டுப் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். இரண்டே அறை உள்ள வீடு. முன்னறையில் அண்ணியும் எக்ஸ்பிரஸின் மகளும் படுப்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு எக்ஸ்பிரஸ் வேலைக்குப் போக ஆசைப்பட்டபோது, அண்ணிதான் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடித் தன் வரிசையிலேயே ஒரு மெஷினைப் பிடித்துக் கொடுத்தாள். முதல் நாள் பயத்தில் இவள் ஊசியை உடைத்துவிட்டாள். அண்ணி அதைத் தன் மெஷின் ஊசி என்று சொல்லி ஏச்சு வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அண்ணி நிதானமாகத் தைப்பாள். காலரின் இரண்டு முனைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பாள். அவளுக்கும் அவளைப் போன்ற ஏழெட்டுப் பேருக்கும் அந்த வேகம் போதுமானதாக இருந்தது. நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கலாம், பாத்ரூம் போகலாம், பக்கத்து மெஷின்காரியின் வீட்டுச் சண்டை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளலாம்.

பிறகு புது சூப்பர்வைசர் வந்தார். கத்தாத மனிதர். யாரையும் வாடி போடி என்று பேசமாட்டார். வந்த முதல் வாரமே சின்னதாக ஒரு சிவப்புக் கொடியைக் கொண்டுவந்து, முந்தின நாள் அதிகம் தைத்தவளின் மெஷின்மேல் ஒட்டவைத்தார். அவ்வளவுதான். பரிசு கிடையாது, பாராட்டுப் பேச்சு கிடையாது. ஐஸ்குச்சியில் சுற்றிய காகிதம் அது. எக்ஸ்பிரஸின் மெஷின்மேல் அது உட்கார்ந்த அன்று அவள் முகத்தைப் பார்த்த அண்ணி, "என்னடி, கல்யாணப் பொண்ணு மாதிரி வெக்கப்படுற?" என்று கேட்டாள்.

வெகுநாள் அந்தக் கொடி அவளை விட்டு அசையவில்லை. அதன் பிறகுதான் கண்ணாடிக்காரி வந்து சேர்ந்தாள். தடித்த கண்ணாடி, ஒல்லியான கை, முணுமுணுவென்று ஏதோ பாட்டு. வேறு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். எக்ஸ்பிரஸுக்கு நேர் எதிர் மெஷினில் உட்கார வைத்தார்கள். அவள் அவசரப்படுவதாகவே தெரியாது. ஆனால் மாலையில் எண்ணிப் பார்த்தால் தைத்த காலர் கட்டுகள் குவிந்திருக்கும். மூன்றாம் வாரம் கொடி எதிர்ப்பக்கம் போனது.

அன்று வீட்டில் எக்ஸ்பிரஸ் யாரோடும் பேசவில்லை. மகள் பாடம் கேட்க வந்தபோது எரிந்து விழுந்தாள். மறுநாளிலிருந்து காலையில் டீ குடிப்பதை நிறுத்தினாள். கம்பெனியில் தண்ணீரும் குடிப்பதில்லை. குடித்தால் பாத்ரூமுக்கு எழுந்திருக்க வேண்டுமே. உதடு வெடித்தது. கொடி திரும்பி வந்தது. மறுபடி போனது. இரண்டு மெஷின்களும் ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டு ஓடின. வரிசையில் மற்றவர்கள் தலை நிமிராமல் பின்னால் மூச்சு வாங்கினார்கள். ஏனென்றால் ஒரு நாளைக்கு இத்தனை காலர் என்ற டார்கெட்டும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"நீ தண்ணி குடிக்காம இருக்கிறது உன் இஷ்டம்" என்றாள் அண்ணி, பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது. "எங்களையும் குடிக்க விடாம பண்ணிட்டியேடி."

"நான் என்ன பண்ணேன் அண்ணி? அவ தைக்கிறா, நானும் தைக்கிறேன்."

"அவளுக்கு உன்மேல ஒரு கோவமும் இல்ல. நீதான் அவளையே பாத்துட்டு இருக்க."

இந்த நேரத்தில்தான் ஸ்டாப்வாட்ச்காரர் வரப்போகிறார் என்ற பேச்சு வந்தது. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு நாள் முழுக்க நின்று நேரம் பார்ப்பார். அதை வைத்து நிரந்தரமாக ஒரு டார்கெட் போடுவார்கள். அதைத் தொட முடியாதவர்களை வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

அவர் வருவதற்கு முந்தின நாள், கை கழுவும் குழாயடியில் கண்ணாடிக்காரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நாளைக்கு ஒரு நாள் நாம ரெண்டு பேரும் மெதுவா தைப்போமா? நம்மள வச்சுத்தான் கணக்குப் போடுவாங்க. பாவம், பெரியவங்கல்லாம் இருக்காங்க."

எக்ஸ்பிரஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இது ஏதாவது தந்திரமாக இருக்குமோ என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்களில் கள்ளம் எதுவும் இல்லை. தவிர, அவள் சொன்ன பெரியவர்களில் முதல் ஆள் அண்ணி.

"சரி" என்றாள். மனதாரச் சொன்னதுதான். அன்று மாலை அண்ணியிடமும் சொன்னாள். அண்ணி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மறுநாள் ஸ்டாப்வாட்ச்காரர் வந்தார். சின்ன வயசு, இஸ்திரி கலையாத சட்டை. வரிசையின் ஓரத்தில் நின்றுகொண்டார். எக்ஸ்பிரஸ் சொன்னபடியே மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். துணியை ஒழுங்குபடுத்தினாள், நூலை நறுக்கினாள், பெருமூச்சுகூட விட்டுப் பார்த்தாள். எதிரில் கண்ணாடிக்காரியின் மெஷின் அலுப்பாக, விட்டு விட்டு ஓடியது. அந்தச் சத்தம்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. இத்தனை மாதமாக எந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஓடினாளோ, அது இப்போது தளர்ந்து கிடந்தது. இன்றைக்கு நினைத்தால் தாண்டிவிடலாம். சும்மா ஒரு கட்டு மட்டும் என்று நினைத்துக் காலை அழுத்தினாள். அதன் பிறகு அந்தக் கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அண்ணி இரண்டு முறை இருமினாள். அது தனக்கான சைகை என்று தெரிந்தும் அவள் திரும்பவில்லை. மாலை மணி அடித்தபோது அவள் பக்கத்தில் குவிந்திருந்த அளவுக்கு அந்த வரிசையில் அதுவரை யாரும் தைத்ததில்லை.

சூப்பர்வைசர் புன்னகையோடு கொடியைக் கொண்டுவந்து வைத்தார். கண்ணாடிக்காரி தன் கத்தரிக்கோலை உறைக்குள் போட்டுக்கொண்டே எக்ஸ்பிரஸை ஒரு தடவை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பஸ்ஸில் அண்ணியின் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. எக்ஸ்பிரஸ் நின்றுகொண்டே வந்தாள்.

புது டார்கெட் அவள் தைத்த கணக்கை ஒட்டியே வந்தது. அடுத்த மாதத்துக்குள் ஆறு பேரை அனுப்பினார்கள். அண்ணியை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, மரியாதையாகவே சொன்னார்களாம். கண்ணாடிக்காரி தானாகவே நின்றுவிட்டாள். எதிர் மெஷினில் உட்கார்ந்த புதுப்பெண்ணுக்கு நூல் கோக்கவே தடுமாற்றம். கொடி அதன் பிறகு எக்ஸ்பிரஸை விட்டு எங்கும் போகவில்லை. அவளும் அதைப் பார்ப்பதில்லை.

அண்ணி திட்டுவாள் என்று அவள் காத்திருந்தாள். தம்பியிடம் சொல்லுவாள், மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவாள், குறைந்தது சாப்பாட்டுத் தட்டையாவது நங்கென்று வைப்பாள் என்று பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை. அண்ணி வழக்கம்போல முதலில் எழுந்து, இவளுக்கும் சேர்த்து டிபன் பாக்ஸ் கட்டிவைத்தாள். கொஞ்ச நாளில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் படிக்கட்டு கழுவும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

ஒருநாள் கணவன் கேட்டான். "அக்கா ஏன் வேலையை விட்டுச்சு? கேட்டா வயசாயிடுச்சுங்குது. உனக்குத் தெரியாதா?"

"டார்கெட் ஏத்திட்டாங்க."

"யாரு ஏத்துனது?"

அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவனும் அதற்குமேல் கேட்கவில்லை. பெயின்ட் வேலைக்குப் போகிற இடங்களில் கம்பெனிப் பெண்களின் வீடுகளும் இருந்திருக்கும். அவன் காதுக்கு வராமல் இருந்திருக்காது. ஆனால் அதன் பிறகு அவள் ஓட்டத்தைப் பற்றி அவன் கிண்டல் பண்ணியதே இல்லை.

படிக்கட்டு கழுவும் மருந்து அண்ணியின் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்கனவே வருஷக்கணக்காகப் பஞ்சுத்தூசியை விழுங்கிய நெஞ்சு. இருமல் இளைப்பானது. இளைப்பு முற்றி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கொண்டுவந்தது. எக்ஸ்பிரஸ் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு சேர்ந்தாற்போல அத்தனை நாள் அவள் லீவு எடுத்தது அப்போதுதான்.

ஒரு மத்தியானம், மூக்கில் இருந்த குழாயை லேசாக நகர்த்திவிட்டு அண்ணி பேசினாள்.

"அன்னிக்கு எவ்வளவு அழகா தச்ச தெரியுமா?"

"எப்போ அண்ணி?"

"அந்த வாட்ச்காரன் வந்தானே, அன்னிக்கு. நான் என் வேலைய விட்டுட்டு உன் கையையே பாத்துட்டு இருந்தேன். ஒரு முனைகூட கோணல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் கூட்டிட்டு வந்த பொண்ணுன்னு பெருமையா இருந்துச்சுடி."

எக்ஸ்பிரஸ் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் பல நாளாக வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். இந்தப் பெருமைக்கு முன்னால் அந்த வார்த்தையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "குழாயை எடுக்காதீங்க அண்ணி" என்று மட்டும் சொல்லி, அதைச் சரியாகப் பொருத்திவிட்டாள். அந்த வாரமே அண்ணி போய்விட்டாள்.

துக்கம் முடிந்து கம்பெனிக்குத் திரும்பியவளால் உட்கார முடியவில்லை. அடிவயிறு எரிந்தது. தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டதாக டாக்டர் திட்டினார். சில மாதங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வேலையை விட்டாள். சூப்பர்வைசர் வருத்தப்பட்டார். அடுத்த நாளே அவள் இடத்தில் ஆள் போட்டார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரித்து விசாரித்துக் கண்ணாடிக்காரியின் வீட்டைக் கண்டுபிடித்தாள். ஒரு கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தவள், மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க அக்கா. பெரியவங்க தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்."

எக்ஸ்பிரஸ் உட்கார்ந்தாள். வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததில் ஒற்றை வரிதான் மிஞ்சியது. "அன்னிக்கு நான் சொன்ன சொல்லக் காப்பாத்தல" என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"நீ என்னை நம்பித்தானே மெதுவா தச்ச?"

கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இல்லக்கா. நீங்க ஓடுவீங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும். உங்க கால நான் எத்தன நாள் எதிர்ல உக்காந்து பாத்திருக்கேன்."

"அப்புறம் எதுக்கு?"

"ரெண்டு பேரும் ஓடுனா கணக்கு இன்னும் ஏறும். ஒருத்தியாவது நிக்கணும்ல."

எக்ஸ்பிரஸ் அழுதாள். அண்ணி செத்தபோதுகூட அப்படி அழவில்லை. கண்ணாடிக்காரி எழுந்து வந்து தேற்றவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அழுது முடிக்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஸ்டவ்வைப் பற்ற வைத்து டீ போட்டாள்.

டீ ரொம்பச் சூடாக இருந்தது. ஆறட்டும் என்று எக்ஸ்பிரஸ் கீழே வைத்தாள். திறந்திருந்த கதவு வழியே பிள்ளைகள் சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. கண்ணாடிக்காரி மறுபடி மெஷினில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினாள்.