கூட வந்தவர்

போனைத் தொடும் முன்பே அக்கா சில தாள்களின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறார். புள்ளி வைத்தால் ஆள் இறந்திருப்பார் என்பது அவர் கணிப்பு. பிறகுதான் எண்ணை அழுத்துகிறார்.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்துப் போன பெண்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று ஆண்டுக்கொரு முறை விசாரித்துப் பதிவேட்டில் எழுதுவது இவர் வேலை. வயது ஐம்பத்திரண்டு. ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே ஜன்னலில்லாத அறை. மற்ற ஊழியர்கள் வைத்த பெயர் ‘சித்திரகுப்தி’. அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறார்.

அன்று காலை பதினோரு அழைப்புகள், மூன்று புள்ளிகள். மூன்று வீட்டிலும் யாரோ அழுதார்கள். வேலை பழக வந்திருந்த நான், எப்படி முன்பே தெரிகிறது என்று கேட்டேன்.

“மாயமெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. வயசு, படிப்பு, வீடு எவ்வளவு தூரம், கூட யாரு வந்தாங்க. இதப் பாத்தாலே போதும். தனிக்கட்டைங்க கட்டிய வச்சுக்கிட்டு ரொம்ப நாள் கழிச்சுதான் வர்றாங்க. யார்கிட்ட போய்ச் சொல்றது?”

“தப்பாப் போனதே இல்லையா?”

“தப்பாப் போகணும்னுதான பென்சில்ல வைக்கிறேன்.” தப்பான நாளில் ரப்பரால் அழித்துவிட்டு இரண்டு டீ குடிப்பாராம்.

பன்னிரண்டாவது தாளில் இவருடைய பெயரே இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன் மேல்மாடியில்தான் இவருக்கு அறுவை சிகிச்சை நடந்ததாம். கட்டங்களை விரலால் தொட்டுப் படித்தார். திருமணமாகவில்லை. தனியாக வசிக்கிறார். கூட வந்தவர்: யாருமில்லை. புள்ளி வைத்தார்.

“விடுங்களேன்க்கா,” என்றேன்.

“போன்ல கேட்டுத்தான் எழுதணும். அதான் சட்டம்.”

எண்ணை அழுத்தினார். அவருடைய கைப்பைக்குள் செல்போன் அடித்தது. எடுத்து இன்னொரு காதில் வைத்துக்கொண்டார்.

“ஆஸ்பத்திரியிலேருந்து பேசறோம். எப்படி இருக்கீங்க?” அலுவலகக் குரல்.

“இடது பக்கம் கட்டி மாதிரி இருக்கு.” இதுவும் அவர் வாயிலிருந்துதான் வந்தது, ஆனால் வேறு குரல், மெலிந்து, சின்னப் பெண்ணுடையது போல. அறையில் மூன்றாவதாக யாரோ இருப்பதாகத் தோன்றி நான் திரும்பிப் பார்த்தேன்.

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசமா.”

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“இல்ல. பயமா இருக்கு.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்ல.”

பேனா அதையும் எழுதியது.

“கூட வர்றதுக்கு யாராவது இருக்காங்களா?”

பேனா அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது. அலுவலகக் குரல் இன்னொரு முறை கேட்டது. பிறகு அவர் காதிலிருந்து செல்போனை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல், மேஜைக்கு இந்தப் பக்கம் என்னிடம் நீட்டினார்.