பெயின்டர் தூக்கிக் காட்டிய கை

என் கண்ணில் புரை விழுந்திருந்த சமயம், மாடிப்படியில் இரண்டு தடவை சறுக்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் காலை பிரார்த்தனைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால், ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வெள்ளைக் கோடு. படியடியில் கீழ்வீட்டுப் பெயின்டர் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டு நின்றார். "கொஞ்சம் பொறுத்து இறங்குங்கக்கா, ஈரம். மிச்சப் பெயின்ட் கிடந்துச்சு, வச்சிருந்தா கட்டியாயிடும்" என்றார். அது புது டப்பா என்று என் கண்ணுக்கே தெரிந்தது. கோடுகள் கொஞ்சம் கோணல். இடது கையால் இழுத்தவை.

சாரம் சரிந்து விழுந்ததிலிருந்து அவருக்கு வலது தோள் எழும்பாது. ஆனால் பழக்கம் போகவில்லை. யார் வீட்டுக்குள் போனாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பார், மனிதர்கள் அப்புறம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவரைப் பார்க்கப் போனேன். "வலி எப்படித் தம்பி?" என்றேன். "மேல பாருங்கக்கா. சீலிங்க ஒரே கோட்டிங்ல முடிச்சிட்டுப் போயிருக்கான் பாவி" என்றார்.

எந்த வேலையைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்: "முடியும்." ஏன் அப்படி என்று கேட்டதற்கு, "தெரியாதுன்னா சொல்லிக் குடுப்பாங்க. முடியாதுன்னா வேற ஆளத்தான் கூப்பிடுவாங்க" என்றார்.

அதுதான் அவரைக் கெடுத்தது. அரசாங்க உதவித்தொகைக்கு மனுப் போட்டிருந்தார். சோதித்த டாக்டர் கையைத் தூக்கச் சொன்னாராம். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையால் முட்டுக் கொடுத்து, காதுக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டார். கை நன்றாக உயர்கிறது, வேலை செய்யலாம் என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். அதற்கப்புறம் பல நாள் அவர் மனைவிதான் சட்டைக்குள் கையை நுழைத்துவிட்டாள்.

"தூக்கச் சொன்னா தூக்கிடறதா? பறக்கச் சொல்லியிருந்தா பறந்திருப்பீங்க!" என்றாள் அவள்.

"அவ்வளவு பெரிய மனுஷன் கேக்கறாரு. எப்படி மாட்டேங்கறது?"

இரண்டு வீட்டு வேலையோடு மூன்றாவதையும் சேர்த்துக்கொண்டு, கால் வீங்கி நின்றாள் அவள். மேல்முறையீடு செய்தார்கள். அதிலும் இல்லையென்றால், மறுபடி கேட்க வழியில்லை.

விசாரணை நாளில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு நான் போனேன். பஸ்ஸில் அவருக்குப் பாடம் நடத்தினேன்.

"முடியாதுன்னு சொல்லிடுங்க தம்பி. பொய் இல்லையே."

"பொய் இல்லக்கா. வாயில வர மாட்டேங்குது."

நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். பணத்தைக் கேட்கவில்லை. ஆண்டவரே, அந்த ஒரு வார்த்தையை அவர் வாயில் வையும் என்றுதான்.

உள்ளே ஓர் அதிகாரியம்மா இருந்தார். கையைத் தூக்கச் சொன்னார். பெயின்டர் தூக்கினார். மார்பு வரை வந்து நின்றுவிட்டது. இடது கை தானாக உதவிக்கு எழுந்தது. அதை இழுத்துத் தொடையோடு அழுத்திக்கொண்டார்.

"இன்னும் மேல போகுமா?"

அவர் அந்த அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

"முடியாதும்மா" என்றார்.

"வேலைக்குக் கூப்பிடறாங்களா?"

"கூப்பிடுவாங்கம்மா. ஒரு தடவை."

அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதி, கையெழுத்துப் போட்டு, "அடுத்த மாசத்துலேர்ந்து வரும்" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெயின்டரோ வெளியே வந்து, திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி தலையைக் குனிந்து நடந்தார். நான் அப்படியே பிரார்த்தனைக்குப் போக வேறு பஸ் பிடிக்க வேண்டும். அவர் பஸ் முதலில் வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து, ஒரு காலைப் படியில் வைத்தவர், திரும்பினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா, அந்தம்மா தலைக்கு மேல சுவரு ஊறிப் போயிருந்துச்சே, பாத்தீங்களா? சுரண்டிட்டுப் பட்டி பாத்து அடிச்சா சரியாயிடும். இடது கையாலயே முடியும். அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."